புலியின் என்புக்கூடும் மலையக வரலாறும்: நோர்வூட்டை முன்வைத்து ஒரு நோக்கு

1

மலையகத்தின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் மூவகைச் சான்றுகளையே கையாண்டு வந்துள்ளனர். அரசாங்க ஆவணங்களும் கம்பனிகளின் அறிக்கைகளும் ஒருவகை. தோட்டத் துரைமார் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளும் வேட்டை நூல்களும் இன்னொரு வகை. தொழிலாளர் வாய்மொழியாகப் பேணிவந்த பாடல்களும் கதைகளும் மூன்றாவது வகை. இவற்றோடு நான்காவதாகக் கொள்ளத்தக்க ஒரு சான்று உண்டு என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகின்றோம். அது எலும்பு. இன்னும் குறிப்பாகச் சொல்வதாயின், பூனைக் குடும்பத்து விலங்குகளின் எலும்பு.

இலக்கிய ஆய்வாளர் விலங்கின் என்புக்கூட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் நோர்வூட் போன்றதோர் ஊரில் நின்று சுற்றுமுற்றும் நோக்கும் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துவிட முடியாது. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதை, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமாகப் பிரியும் இடத்தில் அமைந்துள்ள சிறு நகர் நோர்வூட். அதனைச் சூழத் தேயிலை மலைகள். தேயிலைக்கு நடுவே லயங்கள். மேற்கே சிவனொளிபாத மலைக் காடு. இந்நிலப்பரப்பிலே மனிதரும் சிறுத்தையும் ஒரே பாதைகளில் நடமாடுகின்றனர். தொழிலாளர் அதனைச் சிறுத்தை என்று கூறுவது அரிது. ‘புலி’ என்றே வழங்குவர். இக்கட்டுரையிலும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றோம்.

2020ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி, மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில், கரும்புலி ஒன்று கம்பிக் கண்ணியிற் சிக்கிக் கிடக்கக் காணப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தினர் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றனர். மே 29ஆம் திகதி அது இறந்தது. கருநிறம் வேறோர் இனத்தைக் குறிப்பதன்று; அது சிறுத்தையின் தோல் நிறத்திலே தோன்றும் அரிய வேறுபாடு மட்டுமே. அவ்வருமை காரணமாகவே அதன் மரணம் நாடெங்கும் பேசப்பட்டது. கண்ணி வைத்தவன் யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. அக்கண்ணி ஏன் அங்கே இருந்தது, அக்காட்டோரத்தில் மனிதரும் விலங்கும் இவ்வாறு நெருக்கப்பட்டது எவ்வாறு என்ற கேள்விகள் எழவில்லை. அவற்றுக்கு விடை காண்பதே எமது நோக்கம். அதற்கு முதற்கண் அவ்விலங்கின் உடலமைப்பை அறிந்துகொள்ளல் வேண்டும்.

2

லயத்து அடுப்பங்கரையிற் சுருண்டு கிடக்கும் பூனையையும் காட்டோரத்துப் புலியையும் தோலுரித்து என்புக்கூடாக அருகருகே வைத்துப் பார்த்தால், அளவிலே பெரும் வேறுபாடும் அமைப்பிலே வியக்கத்தக்க ஒற்றுமையும் புலப்படும். இரண்டுக்கும் கழுத்தில் ஏழு முள்ளென்புகள், மார்பில் பதின்மூன்று, இடுப்பில் ஏழு, திரிகத்தில் மூன்று. வாலின் என்புகளே எண்ணிக்கையில் மாறுபடும். இரண்டுக்கும் பற்கள் முப்பது. வளர்ந்த மனிதனிடம் 206 என்புகள் இருக்க, வீட்டுப் பூனையிடம் ஏறத்தாழ 230 முதல் 250 வரை உள்ளன. இலங்கையிலே இயற்கையாக வாழும் பூனைக் குடும்பத்து விலங்குகள் நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, துருநிறப் புள்ளிப் பூனை. உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்றான இறுதியதும், இத்தீவின் தலையாய ஊனுண்ணியான முதலாவதும் ஒரே கட்டமைப்பின் இரு வேறு அளவுகளே.

இக்கட்டமைப்பில் நான்கு கூறுகள் எமது ஆய்வுக்கு முக்கியமானவை.

முதலாவது, காறை என்பு. மனிதனிடம் அது மார்பென்பையும் தோட்பட்டையையும் உறுதியாக இணைத்து நிற்பது. பாரம் சுமக்கும் எவரும் அதன் வலிமையை உணர்வர். பூனைகளிலோ அது சிறுத்து, எந்த என்போடும் மூட்டுக் கொள்ளாமல் தசையினுள்ளே கிடக்கின்றது. ஆகவே தோள்கள் விரிந்து நிற்காமல் உடலோடு ஒட்டி ஒடுங்குகின்றன. தலை நுழையும் இடத்தில் உடலும் நுழைந்துவிடுகிறது என்று வீட்டுப் பூனையைப் பற்றிப் பொதுமக்கள் கூறுவதன் அடிப்படை இதுவே. தேயிலைச் செடிகளின் கீழ், காண்களின் வழியே, ஓசையின்றிப் புலி செல்ல முடிவதும் இதனாலேயே.

இரண்டாவது, முள்ளந்தண்டின் நெகிழ்ச்சி. ஓடும்போது அது வில்லைப் போல வளைந்து நிமிர்கின்றது. பாய்ச்சலின் விசையிற் பெரும்பகுதி இடுப்பின் ஏழு முள்ளென்புகளையும் அவற்றைப் பற்றி நிற்கும் தசைகளையும் சார்ந்தது. இவ்விசைக்கு ஒரு விலையும் உண்டு. விலாவென்புகள் மார்புப் பகுதியோடு முடிந்துவிடுகின்றன. இடுப்புப் பகுதியில் வயிற்றைக் காக்கும் என்பு எதுவுமில்லை.

மூன்றாவது, விரல்கள். பூனைகள் விரல் நுனிகளை ஊன்றியே நடப்பன. முன்னங்காலில் ஐந்து விரல்கள், பின்னங்காலில் நான்கு. நகத்தைத் தாங்கும் இறுதி விரலென்பை மீள்சத்தியுள்ள பந்தகங்கள் பின்னோக்கி இழுத்து வைத்திருக்கின்றன. தசை இழுக்கும்போது மட்டுமே நகம் வெளிவரும். புலியின் அடிச்சுவட்டிலே நகத் தடம் காணப்படாமையும் நாயின் சுவட்டிலே அது காணப்படுவதும் இக்காரணத்தாலேயாம். தோட்டத்து முதியோர் இவ்வேறுபாட்டை நூல் எதனையும் கல்லாமலே அறிந்திருக்கின்றனர்.

நான்காவது, நாவடியிலுள்ள என்புத் தொகுதி. சிங்கத்தில் இத்தொகுதியின் ஒரு பகுதி என்பாகாமல் இழுபடும் பந்தகமாக நிற்பதை 1830களில் ரிச்சர்ட் ஓவன் கண்டார். பிரித்தானிய விலங்கியலாளர் பொக்கொக் 1916இல் இவ்வேறுபாட்டைக் கொண்டே பெரும் பூனைகளைச் சிறு பூனைகளிலிருந்து பிரித்தார். கர்ச்சனைக்கு இதுவொன்றே காரணமன்று என்றும், குரல்வளை மடிப்புகளின் தன்மையும் அதில் இன்றியமையாதது என்றும் பின்வந்த ஆய்வுகள் திருத்தின. மரம் அறுக்கும் வாளோசை போன்ற புலியின் குரல் எழுவது இவ்வுறுப்புகளிலிருந்தே.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவ்வமைப்புகள் யாவும் பல இலட்சம் ஆண்டுகளிலே காட்டு வாழ்க்கைக்கெனப் பரிணமித்தவை. தேயிலைத் தோட்டமோ நூற்றைம்பது ஆண்டுகளைச் சிறிது கடந்தது மட்டுமே. இவ்விரண்டு காலங்களும் ஒரே நிலத்தில் மோதிக்கொண்டதே நாம் ஆராயும் வரலாறு.

3

இத்தீவிலே பெரும் பூனைகளின் கதை புலியோடு தொடங்கவில்லை. குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த இரு பற்களை ஆதாரமாகக் கொண்டு, அழிந்துபோன சிங்க வகையொன்று இங்கு வாழ்ந்ததென 1939இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார். பட்டதொம்பலெனக் குகையிற் கிடைத்த விரலென்பு ஒன்றை ஆராய்ந்த அறிஞர், அது ஏறத்தாழ 16,500 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்றும், இந்தியாவில் இன்றும் வாழும் வரிப்புலிக்குரியதென்றும் 2005இல் முடிவு கண்டனர். ஒரு பல்லும் ஒரு விரலென்பும் கொண்டு ஒரு தீவின் விலங்கு வரலாற்றையே மாற்றி எழுத முடிகின்றது. சிங்கமும் வரிப்புலியும் மறைந்தபின் இங்கு எஞ்சிய பெரும் பூனை சிறுத்தை ஒன்றே.

அதன் வாழ்வில் மிகப் பெரும் மாற்றத்தைக் கொணர்ந்தது பெருந்தோட்ட முதலாளித்துவம். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கிற்று. ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு நிலம் விற்கப்பட்டது. ஆளுநர் முதலாக அரச உத்தியோகத்தர் பலர் வாங்குவோராக முன்வந்தனர். விற்கும் சட்டத்தை இயற்றியவரும் வாங்கியவரும் ஒரே வர்க்கத்தினராக இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகள் சற்றுப் பிந்தியே, 1860களின் பிற்பகுதியிலும் 1870களிலும், கோப்பிக்காகத் திறக்கப்பட்டன. கோப்பியை அழிக்கவந்த இலைநோய் 1869இல் மடுல்சீமையில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டபோது, இங்கே காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நாட்டிய தேயிலை, கோப்பி வீழ்ந்த இடத்தையெல்லாம் கைப்பற்றிற்று. 1884இல் இரயில் ஹட்டனை வந்தடைந்தது.

காட்டை வெட்டியோர் யார்? கிராமத்துச் சிங்கள விவசாயிகள் ஒப்பந்த அடிப்படையில் மரங்களை வீழ்த்தினர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் எரித்துத் துப்புரவாக்கிக் குழி வெட்டி நாட்டினர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுவழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் மாண்டோர் பலர். அவர்தம் தொகை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு; மாண்டனர் என்பதில் வேறுபாடில்லை. அவ்வெலும்புகளை எவரும் எண்ணவுமில்லை. எடுத்துக் காட்சிக்கு வைக்கவுமில்லை.

எல்லாக் காடும் அழியவில்லை. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதில்லை என்ற கொள்கை 1873இல் மேற்கொள்ளப்பட்டது. தாவரவியலாளர் ஹூக்கரின் ஆலோசனை அதற்குப் பின்னணியாக இருந்தது. மலை உச்சிக் காடு அழிந்தால் நீர் வற்றும், நீர் வற்றினால் தோட்டம் கெடும் என்பதே அதன் தர்க்கம். சிவனொளிபாத மலைக் காடு எஞ்சியதில் இக்கொள்கைக்குப் பெரும் பங்குண்டு. 1940இல் அது சரணாலயமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனால் உச்சிகள் காடாகவும் சரிவுகள் தேயிலையாகவும் பிரிக்கப்பட்டமையால், புலிகளின் வாழிடம் துண்டு துண்டாயிற்று. ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழி தேயிலை வழியாகவே, லயங்களின் அருகாகவே அமைந்தது. புலி தோட்டத்துக்குள் ‘வந்துவிட்டது’ என்று நாம் சொல்கின்றோம். வரலாற்று முறைப்படி நோக்கின், புலியின் காட்டினுள் தோட்டம் வந்தது. தோட்டத்தினுள் தொழிலாளி கொண்டுவரப்பட்டான்.

4

காடு தோட்டமாகிய அதே வேளையில், அக்காட்டு விலங்குகள் அறிவியலின் பொருளாயின. இவ்விரண்டும் தொடர்பற்ற நிகழ்ச்சிகள் அல்ல. நுவரெலியாவிலே 1840களின் பிற்பகுதியிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் போன்றோரின் வேட்டை நூல்கள் இங்கிலாந்தில் விரும்பிப் படிக்கப்பட்டன. 1877 ஜனவரி முதலாம் திகதி கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. துப்பாக்கியும் ஓய்வும் நிலமும் உடையோரே விலங்குகளைச் சேகரிக்கவும் அளக்கவும் வசதி பெற்றிருந்தனர். இலங்கையின் முலையூட்டிகளைப் பற்றிய முதன்மையான கைநூலை 1935இல் வெளியிட்ட டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் ஒரு தோட்டத் துரை. அவரது உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்நூலின்றி இத்துறையில் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. எனினும் அவ்வறிவு எவ்வகைச் சமூக உறவுகளின் மேல் எழுந்தது என்பதை மறத்தலாகாது.

இதற்குப் பெயர்களே சான்று. இலங்கையின் துருநிறப் புள்ளிப் பூனைக்கு 1939இல் பொக்கொக் ‘பிலிப்சி’ என்று பெயரிட்டார். நாவடி என்பைக் கொண்டு பூனைகளை வகைப்படுத்திய அதே பொக்கொக்தான் இவர். இலங்கைச் சிறுத்தையைத் தனித்த உபஇனமாக விவரித்த தெரணியகல, 1956இல் அதற்குச் சிங்கள வழக்கிலிருந்து ‘கொட்டியா’ என்ற பெயரை வழங்கினார். அவ்வேறுபாடு உண்மையே என்பதை 1996இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதி செய்தது. ஆகவே இத்தீவின் பூனைகளின் அறிவியற் பெயர்களிலே முதலில் துரையின் பெயரும், பின்னர் சுதந்திரத்துக்குப் பிற்பட்ட தேசியக் கற்றோர் குழாத்தின் மொழியும் பதிந்துள்ளன. அவ்விலங்கோடு அன்றாடம் பாதையைப் பகிர்ந்துகொண்ட தொழிலாளியின் ‘புலி’ என்ற சொல் எங்கும் இடம்பெறவில்லை. அப்பெயரிடலுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாடற்றோராக்கியிருந்தது. விலங்கு இந்நாட்டுக்கே உரியதென்று நிறுவப்பட்டது. மனிதன் இந்நாட்டுக்கு உரியவனல்லன் என்று தீர்க்கப்பட்டது. அறிவியலாளர் எவரும் இதனைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆயினும் வர்க்க சமுதாயத்திலே திட்டமிடாமலே நிகழ்பவை, திட்டமிட்டவற்றினும் ஆழமாகச் சமுதாயத்தின் இயல்பைக் காட்டுவன.

நூதனசாலையும் இவ்வுண்மையையே கூறுகின்றது. மட்டக்களப்பு மாவட்டத்துப் புணாணையிலே பலரைக் கொன்றுதின்ற புலியை 1924இல் ஷெல்டன் ஏகார் என்ற தோட்டத் துரை சுட்டு வீழ்த்தினார். பாடம் செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு நூதனசாலையிற் சேர்ந்தது. சுட்டவரின் பெயர் நிலைத்தது. புலியும் ‘புணாணையின் ஆட்கொல்லி’ என்ற பெயரோடு நூல்களில் வாழ்கின்றது. கொல்லப்பட்டோர் ஓர் எண்ணாகவே எஞ்சினர்.

இலக்கிய வரலாற்றிலும் இப்பிரிவு தெளிவாகத் தெரியும். மலையகத் தமிழ் எழுத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகிய ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையை எடுத்துரைக்கும் அந்நூல் தோட்டத்தின் ஒழுங்கையே பாடுவது. துரைமாரின் வேட்டை நூல்களிலோ காடு, வீரத்தின் களமாகத் தோன்றுகின்றது; துப்பாக்கி தூக்குவோனும் தடம் காட்டுவோனும் பெயரற்ற நிழல்களாக வந்து போகின்றனர். தொழிலாளரின் நோக்கிலிருந்து தோட்ட வாழ்வை எழுத்தில் நிறுவ சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

5

இனி நல்லதண்ணிக் கண்ணிக்கு மீள்வோம்.

மலையகத்துக் கண்ணிகள் பெரும்பாலும் வாகனங்களின் கிளச்சு, பிரேக் கம்பிகளாற் செய்யப்படுவன. மரத்திலோ முளையிலோ ஒரு முனை கட்டப்படும். மறுமுனை சுருக்காகப் பாதையிலே தொங்கும். அவை புலிக்கென வைக்கப்படுவன அல்ல; பன்றிக்கென வைக்கப்படுவன. ஆனால் கம்பிக்கு விலங்கின் வேறுபாடு தெரியாது. பன்றி செல்லும் அதே ஒற்றையடிப் பாதையிலே புலியும் செல்கின்றது.

இங்கே முன்னர் கூறிய உடலமைப்பு தன் முழுப் பொருளையும் பெறுகின்றது. தலையைச் சுருக்கினுள் நுழைத்த புலி, ஆபத்தை உணரும் இயல்பாற் பின்வாங்காமல் முன்னோக்கிப் பாய்ந்தால், காறை என்பு தடுக்காத ஒடுங்கிய தோள்களும் சுருக்கினூடே சென்றுவிடும். விலாவென்புக் கூட்டைக் கடந்த கம்பி, என்புக் காவலற்ற இடுப்பிலே இறுகும். விடுபடுவதற்காக அது எவ்வளவு விசையோடு பாய்கின்றதோ அவ்வளவு ஆழமாகக் கம்பி வயிற்றை அறுக்கும். தோள் செல்லாதவிடத்துக் கழுத்திலே இறுகி மூச்சுக்குழாயை நெரிக்கும். எந்த நெகிழ்ச்சியும் எந்த விசையும் காட்டிலே அதன் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தனவோ, அவையே கம்பியின் முன் அதன் மரணத்துக்குக் காரணமாகின்றன. வெளியே தெரியும் காயம் சிறிதாயினும் உள்ளுறுப்புகள் சிதைந்திருக்கும். மீட்கப்பட்ட புலிகள் பல பின்னர் மாண்டுபோவது இதனாலேயே.

கண்ணி வைத்தல் குற்றம் என்பதிலே எமக்கு ஐயமில்லை. இறைச்சி வியாபாரத்துக்காகக் கண்ணி வைப்போரும் உளர். அவர்களுக்காக நாம் வாதாட முன்வரவில்லை. ஆனால் குற்றத்தின் வேரை ஆராய்வது குற்றத்தை நியாயப்படுத்துவதாகாது. லயத்தின் பின்புறத்திலே ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி நாட்டிக் குடும்பத்தின் செலவை ஈடுசெய்யும் தொழிலாளிக்கு, ஓரிரவிலே பன்றிக்கூட்டம் புகுந்து கிழங்கையெல்லாம் கிண்டியெறிதல் சிறிய நட்டமன்று. அந்நிலத்துக்கு அவனிடம் உறுதி இல்லை. வேலியிட முதல் இல்லை. நட்டத்தைக் கூறச் செல்லுமிடமும் எளிதில் அகப்படுவதில்லை. நாள் வேதனத்தை ஆயிரம் ரூபாவாக்குவதற்கே ஆண்டுக்கணக்கான போராட்டம் தேவைப்பட்டது. 2021இலேதான் அது நிறைவேறிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களும், 1992இல் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றமையும் உடைமையாளரை மாற்றின. லயத்தையும் தொழிலாளிக்கும் நிலத்துக்குமுள்ள உறவையும் அடிப்படையில் மாற்றவில்லை.

மறுபுறத்திலே, புலி மனிதனைத் தேடி வருகின்றது என்ற அச்சமும் ஆராயப்பட வேண்டியதே. கொழுந்து பறிக்கையிலே புலி தாக்கிக் காயமுற்றோர் பற்றிய செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அக்காயங்கள் மெய்யானவை, அவற்றைப் பெறுவோர் பெரும்பாலும் பெண்கள். ஆனால் தேயிலைச் செடியின் கீழ்ப் படுத்திருக்கும் புலி, நிரையாக வரும் தொழிலாளரால் திடீரென நெருங்கப்படும்போது தப்பிச் செல்லும் முயற்சியிலே தாக்குவது வேறு. இரைக்காக மனிதனை நாடுவது வேறு. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய டன்கெல்ட் தோட்டத்திலே நிலையமமைத்து ஆய்வு செய்வோர் உட்பட, மலைநாட்டுச் சிறுத்தைகளை ஆராய்வோர் கையாளும் முறைகளுள் ஒன்று, அவற்றின் எச்சத்திலுள்ள மயிரையும் எலும்புத் துணுக்குகளையும் பரிசோதித்தலாகும். அவற்றிலே காணப்படுவன மரை, முள்ளம்பன்றி, கேளையாடு முதலிய காட்டு விலங்குகளின் எச்சங்களே பெரும்பாலும்; இடையிடையே லயத்து நாய்களினதும் உண்டு. எலும்பு இங்கும் சாட்சி கூறுகின்றது. அது புலியை ஆட்கொல்லி என்ற பழியிலிருந்து விடுவிக்கின்றது.

6

நோர்வூட்டில், மாலை நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவரிடம் புலிகளைப் பற்றி விசாரித்தோம். பார்த்த இடங்களையும் கேட்ட ஓசையையும் விவரித்தபின், அவர் தமது கழுத்தின் பின்புறத்தைத் தடவிக்கொண்டே, “புலியோட எலும்பப் பத்தி இவ்வளவு கேக்குறீங்க சார், எங்க கழுத்தெலும்பப் பத்தி இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லயே” என்றார்.

இவ்வினாவுக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. மனிதனுக்கும் கழுத்தில் ஏழு முள்ளென்புகளே. முலையூட்டிகளில் மிகச் சிலவற்றை நீக்கினால் அனைத்துக்கும் அவ்வெண்ணிக்கையே. பூனைக்கு அவை தலையைத் திருப்பவும் இரையைக் கவ்வித் தூக்கவும் பயன்படுகின்றன. கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலே மாட்டப்பட்டு, கூடை முதுகிலே தொங்கும்போது, அப்பாரத்தின் இழுவை இப்பெண்களின் கழுத்தென்புகளிலே நாள்முழுதும் விழுகின்றது. அவர்களின் தாயரும் பாட்டியரும் அவ்வாறே சுமந்தனர். தொழிலில் மனிதக் கையின் பங்கை விளக்கவந்த ஏங்கல்ஸ், கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்ற கருத்தை முன்வைத்தார். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்தைத் தேர்ந்து கிள்ளும் விரல்கள் அக்கூற்றுக்கு உயிருள்ள சான்று. ஆனால் சுரண்டல் நிலவும் சமுதாயத்திலே உழைப்பு உடலை உருவாக்குவதோடு நிற்பதில்லை. அதனைத் தேய்க்கவும் செய்கின்றது. அத்தேய்வின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

மக்கள் துயருறும்போது விலங்கைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று முற்போக்கு நண்பர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். இக்கூற்றுடன் நாம் உடன்படவில்லை. இயற்கையையும் உழைப்பாளியையும் ஒருங்கே உறிஞ்சியே பெருந்தோட்டம் வளர்ந்தது. ஒன்றன் அழிவை ஆராயாமல் மற்றொன்றன் அழிவை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது. அதேபோன்று, கண்ணியை மட்டும் கண்டு, கண்ணிக்குப் பின்னாலுள்ள லயத்தைக் காண மறுக்கும் விலங்குப் பற்றும் அரைப் பார்வையே. இலங்கைச் சிறுத்தை உலகளவில் அழிவபாயப் பட்டியலில் வைக்கப்பட்டுள்ள விலங்கு. அதனைக் காக்கும் பொறுப்பு நாட்டிலேயே குறைந்த ஊதியம் பெறுவோரின் தலையில் மட்டும் சுமத்தப்படுமாயின், அது அறமுமாகாது, வெற்றியும் பெறாது.

செய்யத்தக்கன சில உண்டு. காட்டுத் துண்டுகளை இணைக்கும் ஓடைக்கரைகளையும் சரிவுகளையும் கம்பனிகள் தேயிலையிலிருந்து விடுவித்துக் காடாக வளரவிடல் வேண்டும். பயிர்ச்சேதத்துக்கு உரிய நட்டஈடு தொழிலாளியின் கைக்கு எட்டுதல் வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு நிலவுரிமை வழங்கப்படல் வேண்டும். தனக்கு உரியதல்லாத நிலத்தின் எதிர்காலத்தை எவனும் பேணமாட்டான். இவற்றோடு, இவ்விலங்குகளைப் பற்றிய அறிவு தமிழிலே, தோட்டப் பாடசாலைகளின் வகுப்பறைகளிலே வழங்கப்படல் வேண்டும். லயத்துப் பூனையின் தோளைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை, காறை என்பு எங்கே என்று கேட்கத் தொடங்கினால், காட்டோரத்துப் புலியைப் பற்றிய பாடம் அங்கேயே ஆரம்பித்துவிடும். தன் தாயின் கழுத்தைப் பற்றிய கேள்வியும் அதன்பின் அதிக தூரத்தில் இராது.